கடையில் "ஜெபம்" என்று சொல்லவே நாக்கு எழவில்லை, நான் எப்படி ஒரு பையனுக்கு வேதம் சொல்லிக்கொடுப்பது?

உபதேசியார் பேரன்:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 31 வயது. மதுரை டவுன் ஹால் ரோடு பக்கம் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். தாத்தா பசுமலையில் படித்து உபதேசியாராகி, திருமங்கலத்தைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குச் சைக்கிளில் போய் ஊழியம் செய்தவர். நான் பாடகர் குழுவில் இருக்கிறேன், டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் போனால் தெருவே கேட்கப் பாடுவேன். ஆனால் மறுநாள் கடைக்குள் நுழைந்தால் வேறு ஆள்.

கடையில் 14 பேர், நான் ஒருவன்தான் கிறிஸ்தவன். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்ததும் கண்ணை மூடக் கூச்சப்பட்டு, போனைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டு இரண்டு வார்த்தை ஜெபித்து முடித்துவிடுவேன். இது கூடப் பரவாயில்லை. போன மாதம் கூட வேலை பார்க்கிற ஒருவருடைய அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தார். மூன்று நாள் நானும் போய் நின்றேன், டீ வாங்கிக் கொடுத்தேன், மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். மற்றவர்கள் எல்லாம் "பாண்டி கோவிலுக்கு நேர்ந்துக்க", "மீனாட்சி பார்த்துக்குவா" என்று வாய் நிறையச் சொல்கிறார்கள். "நான் ஜெபம் பண்ணிக்கிறேன்" என்று எனக்குச் சொல்ல வரவில்லை, தொண்டையிலேயே நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து முழங்காலில் நின்று ஜெபித்தேன், அது சரி, ஆனால் அவரிடம் ஏன் சொல்லவில்லை?

இந்த லட்சணத்தில் சபையில் ஒரு பையன், பாலிடெக்னிக் படிக்கிறான், 20 வயது இருக்கும், அப்பா குடிப்பவர். ஆராதனை முடிந்ததும் வந்து, "அண்ணே, வாரத்துல ஒரு நாள் எனக்கு பைபிள் சொல்லித் தர்றீங்களா, ஐயர்கிட்ட கேக்க ஒரு மாதிரியா இருக்கு" என்றான் (சபைப் போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம்). மூன்று வாரமாகப் "பார்ப்போம் தம்பி" என்று தட்டிக் கழிக்கிறேன். பெரியார் பஸ் ஸ்டாண்டில் மைக் பிடித்துப் பேசுகிறவர்களைப் பார்த்தால் அந்தத் தைரியம் எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது என்று தெரிகிறது (ஜென்மம் என்று எழுதியதற்கு மன்னிக்கவும், வாய்ப்பழக்கம்). முதலில் நான் சரியாகிவிட்டு அப்புறம் அவனுக்குச் சொல்லிக்கொடுப்பதா?

திருநகர் டீச்சர்:

தம்பி, நீங்கள் சரியாகிற வரைக்கும் அந்தப் பையன் காத்திருக்க மாட்டான். இந்த ஞாயிற்றுக்கிழமையே உட்காருங்கள். 26 வருஷம் ஓய்வுநாள் பள்ளி நடத்தினவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தது வத்தலக்குண்டு பக்கம் ஒரு சின்ன சபையில் இருந்த ஐயரம்மா. வகுப்பு என்றெல்லாம் ஒன்றும் கிடையாது. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே பேசுவார், நானும் கூட உட்கார்ந்து ஆய்வேன். அவர் சொன்ன வசன விளக்கம் பாதி மறந்துவிட்டது. ஆனால் ஒரு நாள் சபைக் கமிட்டிக்காரர் ஒருவர் வாசலில் நின்று அவரைத் தாறுமாறாகத் திட்டிவிட்டுப் போனார். அம்மா உள்ளே வந்து அழுதார், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார், அப்புறம் "அந்த மனுசன் வீட்டுல பொண்ணுக்குக் கல்யாணம் நின்னுபோச்சு, அந்தக் கோபம்" என்று சொல்லிவிட்டு மறுபடி கீரையை எடுத்தார். எனக்கு வயது 17. பாடம் அன்றைக்குத்தான் நடந்தது, அவருக்கே அது தெரியாது.

எதில் தொடங்குவது என்றால் மாற்கு. 16 அதிகாரம், வாரம் ஒன்று என்றால் நாலு மாதத்தில் முடிந்துவிடும். அவன் வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். எது புரியவில்லை, எது குத்துகிறது, இந்த வாரம் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டால் போதும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி ஒரு நோட்டில் எழுதி வைத்து ஐயரிடம் போய்க் கேளுங்கள். அதைப் பார்த்தே அவனும் ஐயரிடம் கேட்கப் பழகிவிடுவான்.

மாற்குவையே எடுக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதை எழுதினவர் என்று சபைப் பாரம்பரியம் சொல்லுகிற யோவான் மாற்கு, பவுலோடு ஊழியத்துக்குக் கிளம்பிப் பாதியிலேயே திரும்பி வந்தவர். அடுத்த தடவை அவனைக் கூட்டிக்கொண்டு போக மாட்டேன் என்று பவுல் பிடிவாதமாக நின்றார். பர்னபாதான் விடாமல் கூட்டிக்கொண்டு போனார், அதற்காகப் பவுலையே பிரிந்தார். கடைசியில் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோஜனமானவன் என்று பவுலே கேட்கிறார். பயந்து திரும்பி வந்தவனுக்கும் இடம் இருக்கிறது தம்பி, உங்களுக்கும் சேர்த்துத்தான்.

கப்பலூர் லேத்:

டீச்சரம்மா சொன்னதுக்கு மேல பையன் விஷயத்தில் சொல்ல ஒன்றுமில்லை. நான் கடை விஷயம் பேசுகிறேன்.

நான் லேத் பட்டறைக்காரன், 22 வருஷமாக. ஆயுத பூஜை வந்தால் ஒவ்வொரு வருஷமும் இதே பிரச்சினைதான். முதல் வருஷம் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு ஓடினேன். அடுத்த வருஷம் ஒரு வாரம் முன்னாலேயே முதலாளியைத் தனியாகப் பார்த்து, "அண்ணே, மெஷின் எல்லாத்தையும் நானே கழுவித் துடைச்சு எண்ணெய் போட்டு வைக்கிறேன், பொட்டு வைக்க மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க, எங்க நம்பிக்கை அப்படி" என்றேன். அவர் சரி என்றார். அவ்வளவுதான். எல்லோர் முன்னாலும் நின்று வசனம் சொல்லியிருந்தால் அது தைரியம் இல்லை, வீம்பு.

ஆனால் அதே முதலாளிதான் வேறொரு நாள் பழைய பேரிங்கைக் கழுவிப் போட்டுவிட்டுப் புதுசு என்று சீட்டு எழுதச் சொன்னார். முடியாது என்றேன். அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். இரண்டு மாதம் வீட்டில் இருந்தேன். வீட்டுக்காரி ஒரு வார்த்தை சொல்லவில்லை, மாமியார் ஏழெட்டு வார்த்தை சொன்னார். பிறகு பக்கத்துப் பட்டறைக்காரர் அவராகக் கூப்பிட்டு வேலை கொடுத்து, "ஏன்யா, அந்த ஒரு பேரிங்குக்காகவா வேலையை விட்ட" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது, முக்கால் மணி நேரம் பேசினேன். 1 பேதுரு 3:15 எடுத்துப் பாருங்கள், உங்களிடம் விசாரிக்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்ல ஆயத்தமாக இருக்கச் சொல்கிறது. அவன் விசாரிக்கிற மாதிரி நம்ம பிழைப்பில் ஏதாவது இருக்க வேண்டுமே.

அதனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். டிபன் பாக்ஸ் முன்னால் கண்ணை மூடுவது இருக்கட்டும். நீங்கள் கணக்கு எழுதுகிறவர். உங்கள் கடையில் எல்லாத்துக்கும் பில் போடுகிறீர்களா, இல்லை வரிக் கணக்கில் வராத எஸ்டிமேட் சீட்டில் ஓடுகிறதா?

உபதேசியார் பேரன்:

அண்ணே, இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஓடுகிறது. இரண்டு நோட்டும் நான்தான் எழுதுகிறேன். கேள்வியை எழுதும்போது இது என் நினைவுக்கே வரவில்லை என்பதுதான் இப்போது பயமாக இருக்கிறது.

வைகைத் தண்ணி:

நான் கிறிஸ்தவன் இல்லை, கூட வேலை பார்க்கிறவர் இந்த லிங்கை அனுப்பினார். ஆஸ்பத்திரி விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக் வந்து வார்டில் இருந்தபோது இரண்டு கிறிஸ்தவர்கள் வந்தார்கள். ஒருவர் யார் எவர் என்று தெரியாது, நேராகக் கட்டில் பக்கம் வந்து கைப்பிரதியை அப்பா நெஞ்சு மேலேயே வைத்துவிட்டுச் சத்தமாக ஆரம்பித்துவிட்டார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னொருவர் எங்கள் ஆபீஸ் ஆள். ராத்திரி நான் தூங்கட்டும் என்று அவர் உட்கார்ந்திருந்தார். காலையில் கிளம்பும்போது அம்மாவிடம், "நான் ஜெபம் பண்ணலாமாம்மா, வேண்டாம்னா பரவால்ல" என்று கேட்டார். அம்மா "எந்தச் சாமியா இருந்தா என்னய்யா, பண்ணுங்க" என்றார். ஒரு நிமிஷம்தான் பண்ணினார். நாங்கள் மாறிவிடவில்லை, வருஷா வருஷம் அழகர் ஆற்றில் இறங்கும்போது அம்மா சர்க்கரைச் செம்போடு போய் நிற்கிறார். ஆனால் அந்த மனுஷன் வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் முதல் ஆளாகப் போவது அம்மாதான். நீங்கள் மூன்று நாள் டீ வாங்கிக் கொடுத்தவர், கேட்டிருந்தால் யாரும் தப்பாக எடுத்திருக்க மாட்டார்கள். இப்போதும் கேட்கலாம்.

சிலுக்குவார்பட்டி:

எல்லோரும் சொல்லிக்கொடு சொல்லிக்கொடு என்கிறீர்கள், நான் மறுபக்கத்தைச் சொல்லியாக வேண்டும்.

கல்லூரியில் படிக்கும்போது எங்கள் கிறிஸ்தவ மாணவர் ஐக்கியத்தில் ஓர் அண்ணன் இருந்தார். பெயர் வேண்டாம். அவரால்தான் வேதம் வாசிக்கவே கற்றேன், அதை மறுக்கவில்லை. ஆனால் மெல்ல மெல்ல எந்தப் பெண்ணோடு பழகலாம், எந்தப் படம் பார்க்கலாம், ஊருக்கு எந்த வாரம் போகலாம் என்பது வரைக்கும் அவரிடம் கேட்டுத்தான் செய்வேன். பாங்க் பரீட்சைக்கு அப்ளை பண்ணினேன், "கர்த்தர் எனக்கு வேற மாதிரி காட்டினார்" என்றார், பரீட்சை எழுதவில்லை. அப்பா அம்மாவிடம் அதைச் சொல்லக்கூட இல்லை. அதிலிருந்து வெளியே வர நாலு வருஷம் ஆனது, இடையில் இரண்டு வருஷம் சபைப் பக்கமே போகவில்லை.

அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். பையனோடு மூடின அறையில் உட்காராதீர்கள், எல்லோரும் பார்க்கிற இடமாக இருக்கட்டும். ஐயருக்கும் அவன் அம்மாவுக்கும் தெரிந்திருக்கட்டும். பணக் கொடுக்கல் வாங்கல் வேண்டாம். "கர்த்தர் உன்னைப் பற்றி எனக்குச் சொன்னார்" என்ற வார்த்தையை மட்டும் வாயில் வைத்துக்கொள்ளாதீர்கள், அந்தப் பையனிடம் கர்த்தர் நேராகப் பேச மாட்டாரா? அப்பா குடிக்கிற வீட்டுப் பையன் என்கிறீர்கள், அவன் தன்னையறியாமல் உங்களை அப்பா இடத்தில் வைக்கத் தேடுவான். அது உங்களுக்கும் சுகமாகத்தான் இருக்கும்.

1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் நம் வேதநாயகம் அசரியா, வெள்ளாளன்விளைக்காரர், வெள்ளைக்கார மிஷனரிகள் முன்னால் நின்று, உங்கள் தியாகம் எல்லாம் சரி, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். இரண்டு வருஷம் கழித்து அவரே பேராயர் ஆனார். அவர் கேட்டது 20 வயதுப் பையனுக்கும் பொருந்தும்.

இடைக்காட்டூர் பங்கு:

நாங்கள் ஆர்.சி. எங்களில் ஞானஸ்நானத்துக்கே ஞானத்தந்தை, ஞானத்தாய் என்று ஆள் வைக்கிறோம், முக்கால்வாசிப் பேருக்கு அது சட்டைத்துணி எடுத்துக் கொடுக்கிற உறவாகச் சுருங்கிவிட்டது. என் ஞானத்தந்தை என்னைக் கடைசியாக விசாரித்தது என் கல்யாணத்தில்.

லேத் அண்ணன் கேட்ட கேள்வியைப் படித்ததும் எனக்கு அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ என்ற சேசு சபைக் குருவானவர்) உயிர் விட்ட ஓரியூர்தான் ஞாபகம் வந்தது. தடியத்தேவர் என்ற மறவர் தலைவர் ஞானஸ்நானம் கேட்டபோது, மனைவியரில் ஒருத்தியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அருளானந்தர் சொன்னார். கேட்டவர் பெரிய இடம், கண்டும் காணாமல் விட்டிருக்கலாம். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி ராமநாதபுரம் ராஜா சேதுபதி வீட்டுப் பெண், விஷயம் அரண்மனைக்குப் போய் 1693 பிப்ரவரி 4 அன்று அவர் தலை வெட்டப்பட்டது. (அந்தப் பெண்கள் பிழைப்புக்கு என்ன செய்தார்கள் என்று எந்தப் பிரசங்கத்திலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. திருவிழாவுக்குப் போகும்போதெல்லாம் யோசிப்பேன்.) சொல்லிக்கொடுக்கிறவன் கசப்பானதையும் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு முன்னால் தன் கசப்பை விழுங்கியிருக்க வேண்டும். எஸ்டிமேட் சீட்டு எழுதுகிற கையோடு பையனுக்கு உண்மை பேசு என்று எப்படிச் சொல்வீர்கள் என்பதை யோசியுங்கள். வேலையை விடச் சொல்லவில்லை, அதை முடிவு செய்ய நான் யார், வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்றே எனக்குத் தெரியாது.

உபதேசியார் பேரன்:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

ஐயரிடம் சொல்லிவிட்டேன், பையன் அம்மாவிடமும் போனில் பேசினேன். ஞாயிறு ஆராதனைக்கு அப்புறம் கோவில் வளாகத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். மாற்கு முதல் அதிகாரம், 45 வசனத்தையும் அவனே வாசித்தான். கடைசியில் அந்தக் குஷ்டரோகி வருகிறான் இல்லையா, சுகமாக்கிவிட்டு ஒருவருக்கும் சொல்லாதே என்று இயேசு கண்டிப்பாகச் சொல்லி அனுப்புகிறார், அவன் போய் ஊரெல்லாம் சொல்கிறான். பையன் கேட்டான், "அண்ணே, சொல்லாதன்னு சொன்னா அவன் சொல்றான், நம்மள சொல்லுன்னு சொன்னா நாம சொல்ல மாட்டேங்குறோம், ஏண்ணே?" எனக்குப் பதில் தெரியவில்லை. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். டிபன் பாக்ஸ் கதையை அவனிடம் சொன்னேன், சிரித்தான், அவன் ஹாஸ்டல் மெஸ்ஸில் தலையைச் சொறிகிற மாதிரி ஜெபிப்பானாம்.

கடை நண்பரின் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்றுப் பார்க்கப் போனேன். கேட்டேன். சரி என்றார்கள். குரல் நடுங்கியது, நாலு வரிதான்.

நோட்டு விஷயம் இன்னும் அப்படியே இருக்கிறது. முதலாளியிடம் பேச இரண்டு தடவை எழுந்தேன், இரண்டு தடவையும் உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் அம்மா, மனைவி, இரண்டு வயதுக் குழந்தை, மாதத் தவணை வேறு.

கப்பலூர் லேத்:

எனக்கும் எடுத்ததும் வரவில்லை தம்பி, அந்தப் பேரிங்குக்கு முன்னால் நான் எத்தனை பழைய பேரிங்குக்குப் புதுசு என்று சீட்டு எழுதினேன் என்று நீங்கள் கேட்கவே இல்லையே. சனிக்கிழமை ஐந்து மணிக்குப் பட்டறை மூடிவிடுவேன். பஸ் ஏறி வாருங்கள், டீ சாப்பிட்டுக்கொண்டே உங்கள் முதலாளியிடம் எதிலிருந்து ஆரம்பிப்பது என்று பார்ப்போம். பையனுக்கு லீவு என்றால் அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், லேத் பார்த்ததில்லை என்றால் பார்க்கட்டும்.