எம்.ஜி.பி. காரில் கதவில் கொப்புளம், பானெட்டில் உரிசல்: உதவுங்கள்

வணக்கம். அப்பா ஓட்டிய 1966 எம்.ஜி.பி. ரோட்ஸ்டர், கூரை திறக்கிற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். சென்னையிலேயே இரண்டு வருடம் டிங்கரிங் பார்த்து, போன ஐப்பசியில் பழைய டார்ட்டன் ரெட் நிறத்திலேயே பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்ட் அடித்தோம். ஆறு மாதம்கூட ஆகவில்லை. கதவின் கீழ்ப்பாதியிலும் இடது ஃபெண்டரிலும் கடுகு கடுகாகக் கொப்புளம். வெயிலில் அமுங்குகிறது, வண்டியைக் கழுவிய மறுநாள் திரும்ப எழும்புகிறது. பானெட்டில் வேறு மாதிரி. கல் தெறித்த இடத்தில் நகம் வைத்தால் பெயிண்ட், அடிப்பூச்சான பிரைமரோடு தோல் மாதிரி உரிந்து வருகிறது. பெயிண்டர், பாலிஷ் போட்டால் சரியாகிவிடும் என்கிறார். மனசு ஒப்பவில்லை.

பதில் 1:
பாலிஷ் வேண்டாம், காசுதான் போகும். இரண்டும் வேறு வேறு கோளாறு. பானெட்டில் ஒரு காந்தத்தை வையுங்கள், ஒட்டாது. அந்தக் காலத்து எம்.ஜி.பி.யில் பானெட் அலுமினியம், பிற்பாடுதான் ஸ்டீல் வந்தது. அலுமினியத்தைத் தேய்த்ததுமே மேலே ஆக்சைடு படலம் கட்டும், சாதாரண பிரைமர் அதைப் பிடிக்காது. நன்றாகத் தேய்த்து, அன்றைக்கே உலோகத்தை லேசாக அரித்துப் பிடிக்கிற எட்ச் பிரைமரோ, இறுகப் பற்றுகிற எபாக்ஸி பிரைமரோ அடிக்க வேண்டும்.
கொப்புளம் ஒன்றை பிளேடு முனையால் கீறிப் பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது?

கேட்டவர்:
காந்தம் வழுக்கிக்கொண்டு போய்விட்டது! இத்தனை வருடம் தெரியாமல் இருந்திருக்கிறேன். கொப்புளத்தைக் கீறினால் ஒரு பொட்டுத் தண்ணீர், அடியில் பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை). துரு இல்லை. பட்டியை வாட்டர் பேப்பரால் போர் தண்ணீர் ஊற்றித்தான் தேய்த்தார்கள், மறுநாளே பிரைமர் அடித்துவிட்டார்கள்.

பதில் 2:
தம்பி, கோளாறு அங்கேதான். பாலியஸ்டர் பட்டி தண்ணீரைக் குடிக்கும். மழைக்காலத்தில் ஒரு ராத்திரியில் அது காயாது. போர் தண்ணீரின் உப்பு வேறு உள்ளே தங்கிவிடும். மேலே பெயிண்ட் மூடினாலும் அந்த உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கொப்புளம் உள்ள பேனலைத் தகரம் தெரிகிற வரைக்கும் சுரண்டி எடுங்கள், பாதியில் நிறுத்தினால் திரும்ப வரும். தகரத்தில் எபாக்ஸி, அதன் மேல் பட்டி, தண்ணீர் இல்லாமல் உலர்வாகத் தேய்ப்பு, மறுபடி எபாக்ஸி, அப்புறம்தான் கலர். கம்ப்ரசரில் தேங்கும் தண்ணீரைத் தினமும் இறக்கிவிடச் சொல்லுங்கள்.
இன்னொன்று. பி.யு. பெயிண்ட் இறுகுவதற்குக் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, நுரையீரலைக் கெடுத்துவிடும். அடிக்கிற பையன் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நின்றால் வேலையை நிறுத்துங்கள். வெளிக்காற்று வரும் குழாய் மாஸ்க் இல்லாமல் அடிக்க விடாதீர்கள்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. பெயிண்டரையே உட்கார வைத்துக் கொப்புளத்தைக் கீறிக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை, பிளேடை வாங்கி அவரே இன்னும் நாலு இடத்தில் கீறிப் பார்த்தார். ஃபெண்டரும் கதவும் இப்போது வெறும் தகரமாக நிற்கின்றன. பானெட்டுக்கு நேற்றே எபாக்ஸி அடித்தாயிற்று, மாஸ்க் வாடகைக்கு எடுத்தோம். இன்று காலை ஓரத்தில் நகம் வைத்துச் சுரண்டினேன். அசையவில்லை.