வவுச்சர்: சீட்டா, முறியா, நிதியா?

நண்பர்களே, அமெரிக்கப் பள்ளிக் கொள்கை பற்றிய கட்டுரை ஒன்றை வெள்ளிக்குள் மொழிபெயர்த்துத் தர வேண்டும். ‘ஸ்கூல் வவுச்சர்’ என்பதற்கு என்ன போடலாம்? பெற்றோர் விரும்பும் பள்ளியில், தனியார் பள்ளியானாலும், பிள்ளையைச் சேர்க்க அரசு தரும் பணம் அது. ‘கல்விச் சீட்டு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ‘பேரன்டல் சாய்ஸ்’ இன்னும் மோசம். ‘பெற்றோர் தேர்வு’ என்றால் பெற்றோர் பரீட்சை எழுதுவதுபோல் இருக்கிறது.

---

சீட்டு வேண்டவே வேண்டாம். ‘பள்ளியில் சீட்டு கிடைத்ததா’ என்றால் இடம் கிடைத்ததா என்றுதான் பொருள். ஆவணத்துக்கு ‘முறி’ என்ற பழஞ்சொல் இருக்க வேறெதற்கு? பிணைமுறி (பாண்டு) போலக் ‘கல்விமுறி’ என்க. வவுச்சரின் லத்தீன் வேருக்கு ‘அழைத்தல்’ என்று பொருள். அதை நம் ‘வாக்கு’ என்பதோடு ஒட்டிப் பார்த்தால்...

---

ஐயா, ‘கல்விமுறி’ என்றால் கல்வியை முறி என்று ஏவலாகப் படிப்பார்கள். திட்டத்தை எதிர்ப்பவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்! ‘வாக்கு’ வடசொல்லா என்ற சண்டை போன மாதமே ஓய்ந்தது என்று நினைத்தேன்.

---

தாளுக்குப் பெயர் தேடுவதே சிக்கல். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் வவுச்சர் காசோலை பெற்றோர் பெயரில் வந்தது. அவர்கள் கையெழுத்திட்டுப் பள்ளிக்கு மாற்றிக்கொடுத்தார்கள். சமயப் பள்ளிக்குப் பணம் போவது அரசின் முடிவால் அல்ல, பெற்றோரின் முடிவால் என்றுதான் 2002-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என அத்திட்டத்தை அனுமதித்தது. சுவீடனிலோ பெற்றோர் கைக்கு எதுவும் வராது. பிள்ளை சேரும் பள்ளிக்கு நகராட்சியே கட்டிவிடும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் சீட்டுக்குப் பதில், கல்விச் செலவுக்கென அரசு பணம் போடும் ஒரு கணக்கு. 2022-இல் அதை எல்லா மாணவருக்கும் திறந்துவிட்டார்கள். பிள்ளையைத் தொடர்ந்து பணமும் போவதுதான் எல்லாவற்றுக்கும் பொது. ‘மாணவர்வழி நிதி’ என்பதே சரி.

---

அது பொதுப்பெயராயிற்றே! கேட்டது வவுச்சர். ‘சாய்ஸ்’ என்பதற்குத் ‘தெரிவு’ போதும், தெரிந்துதெளிதல் குறளிலேயே இருக்கிறது. ‘தெரிவுரிமை’ மட்டும் வேண்டாம், அது திட்டத்தை ஆதரிப்பவர்கள் பக்கம் சேர்ந்துவிடும். சிலி நாட்டில் வவுச்சர் வந்த 1981 முதல் பெற்றோர் பள்ளியைத் தெரிந்தெடுத்ததுபோலப் பள்ளிகளும் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்தன. 2015 சட்டம்தான் அதை நிறுத்தப் புறப்பட்டது. அங்கே உரிமை யாருக்கு?

---

சரி, நேரமில்லை. ‘கல்வி நிதிச்சீட்டு’, ‘பெற்றோர் தெரிவு’. அரிசோனா வரும் பத்தியில் மட்டும் ‘கல்விக்கணக்கு’. முதலில் வருமிடத்தில் ‘வவுச்சர்’ என்றும் சேர்த்துவிடுகிறேன்.

---

நிதிச்சீட்டா? மாதச் சீட்டு பிடிக்கிறார்கள் என்று நினைக்கப் போகிறார்கள். அப்புறம், ஏவலாக இருந்தால் ‘கல்வியை’ என்று ஐ உருபு விரிந்திருக்காதா? என் வாக்கு முறிக்கே.