மூட்போர்டு போட்டும் என் கடை நாலு பேர் கடை மாதிரியே தெரியுது, என்ன செய்யலாம்?

நூல்கண்டு:
வணக்கம். மூணு வருஷமா கைவேலைப் பொருள் செஞ்சு ஆன்லைன்ல விக்கிறேன். குரோஷே (கொக்கி ஊசியால பின்னுறது) பை, மேக்ரமே (கயிறு முடிச்சு வேலை) சுவர்த் தொங்கல், களிமண் கம்மல், துணி அட்டை போட்ட நோட்டு. ஒவ்வொண்ணையும் தனியாப் பார்த்தா நல்லாத்தான் இருக்கு. கடைப் பக்கத்தைத் திறந்து மொத்தமாப் பார்த்தா நாலு பேர் கூட்டா நடத்துற மாதிரி தெரியுது. போன வாரம் ஒருத்தங்க, "இதெல்லாம் நீங்களே செய்றதா, வாங்கி விக்கிறதா?"ன்னு கேட்டாங்க. அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.

மூட்போர்டு, அதாவது பிடிச்ச படங்களை ஒரே பலகையில சேர்த்து வைக்கிறது, போட்டா ஒரு ஸ்டைல் பிடிபடும்னு சொன்னாங்களேன்னு பின்ட்ரெஸ்ட்ல (படம் தேடிச் சேமிக்கிற தளம்) ஆரம்பிச்சேன். இப்ப அதுல 412 படம் இருக்கு. பார்க்க அவ்வளவு அழகு. ஆனா அதைப் பார்த்து அடுத்த பையை எந்த நூல்ல போடறதுன்னு கூட முடிவு பண்ண முடியல. போர்டு வச்சு உங்க கடையை ஒரே கை செஞ்ச மாதிரி கொண்டு வந்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

கிழிந்தகாகிதம்:
நான் கைத்தையல் நோட்டு செய்றேன். எனக்கும் இப்படி ஒரு பெரிய போர்டு இருந்துச்சு. பின்ட்ரெஸ்ட்ல ஒரு பூவைச் சேமிச்சா தோட்டமே வந்து நிக்கும், நாமளும் சேத்துக்கிட்டே போவோம். தேடுறதுக்கு அது நல்ல இடம். முடிவெடுக்க அது உதவாது.

நான் 25 படத்தை மட்டும் பிரின்ட் எடுத்துத் தரையில பரப்பினேன். ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி பென்சில்ல ஒரு வரி: இதுல என்னை இழுத்தது எது? "அழகு", "அமைதி"ன்னெல்லாம் எழுதக் கூடாது. விரல் வச்சுக் காட்டக்கூடியதா இருக்கணும். "ஒரே நீலம், மூணு அழுத்தம்", "தையல் வெளியே தெரியுது", இந்த மாதிரி. எழுத வராத படத்தை எடுத்துடணும். எனக்கு அப்படி 11 போச்சு. அதுல ரொம்ப நாள் ஆசையா வச்சிருந்த ரெண்டும் அடக்கம்.

மிச்சம் 14ஐயும் கவுத்துப் போட்டு, படத்தைப் பார்க்காம எழுத்தை மட்டும் படிச்சேன். அதுவரைக்கும் என் ஸ்டைல்னா மண் கலர்னுதான் நம்பிக்கிட்டு இருந்தேன். 14ல 9ல கலரைப் பத்திப் பேச்சே இல்ல. துருப்பிடிச்ச தகட்டோட ஓரம், கிழிஞ்ச காகிதத்தோட ஓரம், மரப்பட்டை உரிஞ்ச இடத்துல பக்கத்து வெளிச்சம் பட்டு விழுற நிழல். திரும்பத் திரும்ப ஓரம், ஓரம்தான். உடனே என் நோட்டு ஒண்ணைக் கையில எடுத்தேன். மூணு பக்கமும் கத்தி வச்சு வழவழன்னு வெட்டியிருக்கு. எனக்கு எது ரொம்பப் பிடிச்சதோ, அதையே ஒவ்வொரு நோட்டுலயும் சீவி எறிஞ்சிருக்கேன்.

அதுக்கப்புறம் தாளை மடிச்சு, மடிப்பை நகத்தால அழுத்தி, ஸ்கேல் வச்சுக் கிழிக்க ஆரம்பிச்சேன். அட்டைத் துணியோட ஓரத்தையும் உள்ளே மடிக்காம அரை சென்டிமீட்டர் பிசிறு விடுறேன். பிசிறு மேல ஏறாம இருக்க உள்பக்கம் மெல்லிசா ஒரு கோடு பசை. லேபிளும் நன்றி அட்டையும் அதே கிழிச்ச ஓரத்தோடதான் போகுது. கலர் இன்னைக்கும் பலது இருக்கு, ஆனா "வாங்கி விக்கிறதா"ன்னு யாரும் கேக்கறதில்ல.

இன்னொண்ணு. போர்டை போன்லயே வச்சுக்காதீங்க. திரையில எடுத்த ஹெக்ஸ் கோடுக்கு (கலரைக் குறிக்கிற கம்ப்யூட்டர் எண்) ஏத்த நூல் கடையில கிடைக்காது. அட்டைத் துண்டுல உங்க நூலையே நாலு சுத்து சுத்திப் படத்துக்குப் பக்கத்துல குத்துங்க. குத்தறதை ஜன்னல் பக்கத்துல பகல்ல செய்யுங்க. வெளிச்சத்தோட நிறத்தை அளக்கிற கெல்வின் கணக்குல மஞ்சள் பல்பு 2700, பகல் வெளிச்சம் கிட்டத்தட்ட 5500. பல்புல ஒண்ணாத் தெரிஞ்ச ரெண்டு நூல் பகல்ல வேற வேற கலரா நிக்கும். நான் ஒரு முழுச் சுருள் துணியை அப்படி வாங்கிட்டு முழிச்சிருக்கேன்.

களிமண்கை:
மேல சொன்னதோட ஒண்ணு சேர்க்கணும். போர்டுல மத்தவங்க விக்கிற கம்மலோ பையோ ஒண்ணு கூட வேண்டாம். கெட்ட எண்ணமே இல்லாம கை அதே வடிவத்துக்குப் போயிடும், எனக்கு நடந்திருக்கு. அடுத்தவங்க உழைப்பு அது. கூழாங்கல், பாசி, பழைய கதவு, இப்படி நம்ம தொழிலுக்கு வெளியே இருந்து எடுங்க. களிமண் சுட்டதும் கலர் மாறலாம், அதனால சுட்ட சில்லைத்தான் போர்டுல வைக்கணும்.

பழையபெட்டி:
எதையும் பசை போட்டு ஒட்டிடாதீங்க, குத்தி மட்டும் வைங்க. ஆபி வார்பர்க்னு ஒரு கலை வரலாற்றாளர், கறுப்புத் துணி போர்த்தின பலகைகள்ல படங்களைக் குத்தி, இடம் மாத்தி மாத்தி வச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தார். 1929ல அவர் இறக்கறப்ப கூட அந்த வேலை முடியல. ஒரு படம் எந்தப் படத்துக்குப் பக்கத்துல நிக்குதோ, அதை வச்சுத்தான் அதுல நமக்கு என்ன தெரியுதுங்கறது.

அப்புறம் உங்க பொருள்களோட போட்டோவையும் அதே போர்டுல குத்துங்க. எது ஒட்டாம நிக்குதுன்னு அப்பவே தெரிஞ்சுடும். ஆனா அது நல்லா விக்கிற பொருளா இருந்தா அவசரப்பட்டு நிறுத்தாதீங்க, மத்ததோட அதைச் சேர்க்க ஒரு வழி கண்டுபிடிங்க.

நூல்கண்டு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்தேன். 30 படம் பிரின்ட், 13 போச்சு. கவுத்துப் போட்டுப் படிச்சா "தொங்குற நுனி", "வெட்டாத கயிறு", "முடிச்சு தெரியுது"ன்னு மூணே விஷயம்தான் மாறி மாறி வருது! பை, தொங்கல், நோட்டு மூணுலயும் அது ஏற்கனவே கொஞ்சம் இருக்கு. நோட்டோட தையல் நூலை வெட்டாம வெளியே விட்டாப் போதும். கம்மல்தான் அந்நியமா நின்னுச்சு. அதுல மேக்ரமே கயிறை அழுத்திப் பதிச்சுப் பார்த்தேன், முறுக்கு அப்படியே விழுது. கயிறோட இழை மட்டும் களிமண்ல ஒட்டிக்குது. அதுக்கு என்ன பண்றது?

களிமண்கை:
பாலிமர் களிமண்தானே, வீட்டு அவன்ல சுடுறது? மேல லேசா சோளமாவு தூவி, பிரஷ்ஷால தட்டிவிட்டு அழுத்துங்க. கயிறை இழுக்காம ஒரு முனையில இருந்து மெதுவா உரிச்சு எடுங்க. முதல் ஜோடி சுட்டதும் போட்டோ போடுங்க, பார்க்கணும்.