பழைய பென் செனட்டர் மீன்பிடி ரீல்: இறுகிப்போன திருகுகளையும் களிம்பேறிய பாகங்களையும் எப்படிக் கழற்றுவது?

பிடோக்_ஜெட்டி:
வணக்கம். கரோசலில் (பழைய பொருள் வாங்கி விற்கும் செயலி) வாங்கிய பென் செனட்டர் 4/0 (மாடல் 113) ஒன்றைச் சீர் செய்கிறேன். பேக்கலைட் (பழைய காலக் கெட்டிப் பிளாஸ்டிக்) பக்கத் தகடுகளில் விரிசல் இல்லை. ஸ்பூல் (நூல் சுற்றும் உருளை) சுற்றுகிறது, ஆனால் கரகரக்கிறது. கைப்பிடிப் பக்க வளையத்தில் மூன்று திருகுகள் அசையவே இல்லை. அதில் ஒன்றின் தலையில் உள்ள வெட்டு பாதி தேய்ந்துபோய்விட்டது. ஸ்டார் டிராக் (நூல் இழுபடும் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் நட்சத்திர வடிவச் சக்கரம்) முழுதாக இறுக்கிய நிலையில் நின்றுவிட்டது. வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவே பச்சைக் களிம்பு தடிப்பாகக் கட்டியிருக்கிறது. ரீலை அப்படியே வினிகரில் ஊறப்போடலாமா? எதைக் காப்பாற்றலாம், எதைத் தூக்கிப் போட வேண்டும்?

மரை_வாசி:
முழு ரீலை வினிகரில் போடாதீர்கள். உள்ளே பித்தளை, வெண்கலம், எஃகு எல்லாம் கலந்து கிடக்கின்றன. களிம்பு கரைந்த அமிலத்தில் எஃகுப் பாகம் இருந்தால் அதன் மேல் செம்பு படியும், எஃகு அரிக்கும். டாக் (பின்னோக்கிச் சுற்றாமல் தடுக்கும் கொக்கி), ஸ்பிரிங் மாதிரிச் சின்னப் பாகங்கள்தான் முதலில் போகும். பிரித்த பிறகுதான் குளியல்.

முதலில் ஸ்டார். கைப்பிடி நட்டைப் பிடித்திருக்கும் சின்னப் பூட்டுத் திருகை எடுங்கள், பிறகு நட், கைப்பிடி. அந்தப் பூட்டுத் திருகை மறந்துவிட்டு ஸ்பானர் போடுகிறவர்கள்தான் நட்டின் மூலைகளை உருட்டிவிடுகிறார்கள். கைப்பிடி வந்ததும் ஸ்டார் மேலே பார்த்தபடி ரீலைப் படுக்கவைத்து, மரையில் இரண்டு மூன்று சொட்டு ஊடுருவும் எண்ணெய் விடுங்கள். ஓர் இரவு அப்படியே இருக்கட்டும். காலையில் ஸ்டாரின் நடுப்பகுதியை ஹேர் டிரையரால் சூடாக்கி, எதிரெதிர்க் கைகளைப் பிடித்து இடது பக்கம் திருப்புங்கள். ஒற்றைக் கையைப் பிடித்து இடுக்கி போட்டால் அது வளையும்.

எண்ணெய் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டும். இறுகிய மரைக்கு அது போதாது. அசிட்டோனும் ஆட்டோ கியர் எண்ணெயும் (ஏடிஎஃப்) பாதிக்குப் பாதி கலந்தால் நன்றாக உள்ளே போகும். இரண்டும் பிரிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் சொட்ட வேண்டும். வீவக அடுக்குமாடி வீட்டில் செய்கிறீர்கள் என்றால் சமையலறையில் வேண்டாம். ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்புக்கும் சூடாக்கும் எதற்கும் தள்ளி வையுங்கள். எண்ணெய் விட்ட இடத்தைத் துடைத்து, அசிட்டோன் ஆவியாகிப் போன பிறகே சூடு.

வளையத் திருகுகளில் அவசரப்பட்டால் பேக்கலைட் உடையும். அந்தத் திருகு வளையம், தகடு, உள்வளையம் மூன்றையும் தாண்டி, இரு பக்கத் தகடுகளையும் இணைக்கும் தூணில் ஏறியிருக்கிறது. வெட்டுக்குள் இருக்கும் களிம்பை ஊசியால் சுரண்டி எடுங்கள். வெட்டின் முழு அகலத்தையும் ஆழத்தையும் நிரப்பும் முனை வேண்டும். சாதாரண ஸ்க்ரூடிரைவரின் முனை ஆப்பு மாதிரிச் சரிந்திருப்பதால் மேலே எழும்பி வெட்டைத் தின்னும். பக்கங்கள் இணையாக அரைத்த துப்பாக்கிப் பணி முனைகள் கிடைத்தால் அதுவே சிறந்தது. சால்டரிங் அயர்னின் நுனியைத் திருகின் தலையில் மட்டும் 20 நொடி வைத்து எடுங்கள், முழுதாக ஆறவிடுங்கள். விரிந்து சுருங்கும்போது களிம்பின் பிடி உடையும். இரண்டு மூன்று முறை செய்த பிறகு எண்ணெய், பிறகு ஸ்க்ரூடிரைவர். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, அப்புறம்தான் கழற்றும் பக்கம். தீச்சுவாலை டார்ச், சுத்தியல் அடிக்கும் இம்பாக்ட் டிரைவர் இரண்டும் பேக்கலைட் பக்கமே வரக்கூடாது.

தேய்ந்த வெட்டை மெல்லிய இரும்பறுக்கும் பிளேடால் ஆழப்படுத்திப் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் தலையை மட்டும் துளையிட்டு எடுங்கள். திருகின் தண்டு விட்டத்துக்குச் சமமான பிட் போதும், மெதுவான வேகம், நடுவில் குறி குத்திவிட்டு. தலை கழன்றதும் தகடு மேலே வந்துவிடும். தூணிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தண்டை இடுக்கியால் பிடித்துத் திருகலாம். பெரும்பாலும் அப்போது கையோடு வந்துவிடும், ஏனென்றால் பாதிப் பிடி தலைக்கு அடியில் இருந்த களிம்புதான்.

உவர்நீர்:
மேலே சொன்னதோடு பித்தளை பற்றிச் சேர்க்கிறேன், ஏனென்றால் இங்கேதான் நல்ல பாகங்கள் வீணாகின்றன. பச்சையைக் கண்டு பயப்பட வேண்டாம், அது பெரும்பாலும் தோல்தான். கழற்றிய பித்தளைப் பாகங்களை மட்டும் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து 10 முதல் 15 நிமிடம் போடுங்கள். பழைய பல் துலக்கியால் தேய்த்து, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடா போட்டு அலசி, மறுபடி நல்ல தண்ணீர், பிறகு மின்விசிறிக் காற்று. இரவு முழுக்க ஊறவிடும் பழக்கம் தவறு. குரோம் பூச்சு ஏற்கெனவே கொப்பளித்த இடத்தில் அமிலம் அடியில் புகுந்து மீதியையும் உரித்துவிடும். குத்துவிளக்குக்குப் போடும் புளியும் வேலை செய்யும், ஆனால் உப்புச் சேர்க்காதீர்கள். குளோரைடுதான் இந்த ரீலை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது.

சுத்தம் செய்த பிறகு நிறத்தைப் பாருங்கள். மஞ்சளாக இருந்தால் உலோகம் நலம். இளஞ்சிவப்புத் திட்டு தெரிந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். அமிலத்தால் மேலே படிந்த செம்பு என்றால் மெல்லிய உப்புத்தாள் இரண்டு தேய்ப்பில் மஞ்சள் வரும். தேய்த்த பிறகும் சிவப்பாகவே, சொரசொரப்பாக இருந்தால் துத்தநாகம் கரைந்துபோய் வெறும் செம்புச் சக்கை மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்தப் பாகத்துக்கு வலு கிடையாது. திருகு, ஸ்டாண்டின் (ரீலின் அடிக்கால்) காது, ராட் கிளாம்ப் போல்ட் (ரீலைத் தூண்டில் கம்போடு பிடிக்கும் போல்ட்) போன்றவை அப்படி இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். பெரிய மீன் இழுக்கும்போது உடைவது அவைதான்.

அலுமினிய உடல் கொண்ட ஸ்பின்னிங் ரீலுக்கு இந்த வினிகர் முறையை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே துருப்பிடிக்காத எஃகுத் திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி கட்டியிருக்கும். உடலைச் சூடாக்குங்கள், எஃகைவிட அலுமினியம் அதிகம் விரியும், மரை தளரும். ஜப்பானிய ரீல் என்றால் ஜேஐஎஸ் (ஜப்பானியத் தொழில் தரம்) முனை வேண்டும். சாதாரண பிலிப்ஸ் முனை வழுக்கிக் குறுக்கு வெட்டை அழித்துவிடும்.

பிடோக்_ஜெட்டி:
மிக்க நன்றி. ஸ்டார் வந்துவிட்டது, இரண்டு திருகுகளும் வந்துவிட்டன. வெட்டுத் தேய்ந்த திருகு மட்டும் துளையிடும்போது தூணின் வாயோடு ஒட்டி முறிந்துவிட்டது. இடுக்கிக்குப் பிடி இல்லை. காந்தம் அதை இழுக்கிறது.

மரை_வாசி:
காந்தம் இழுக்கிறது என்றால் யாரோ பிற்பாடு போட்ட இரும்புத் திருகாக இருக்கும். பித்தளையும் இரும்பும் உப்புநீரில் சேர்ந்தால் இரும்புதான் கரையும், துரு வீங்கி மரையை அடைத்துவிடும். ஆனால் அதுவே இப்போது உங்களுக்குச் சாதகம். பித்தளைத் தூணைத் தனியாகக் கழற்றிப் படிகாரக் கரைசலில் போடுங்கள். சிராங்கூன் சாலை மளிகைக் கடைகளில் படிகாரக் கட்டி கிடைக்கும். 100 மில்லி வெந்நீருக்கு 15 முதல் 20 கிராம், கண்ணாடிப் பாத்திரத்தில், முறிந்த பக்கம் மேலே பார்த்தபடி. இரும்பிலிருந்து குமிழி வந்துகொண்டிருந்தால் வேலை நடக்கிறது. குமிழி மேலே போக வழி இல்லாவிட்டால் கரைசல் இரும்பைத் தொடாது, அதனால்தான் அந்த நிலை. இதமான சூட்டில் வைத்தால் வேகம் கூடும். ஆறினால் மந்தமாகும். ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகலாம், கறுத்த மிச்சத்தை ஊசியால் கிளறி எடுங்கள். கடிகாரக்காரர்கள் முறிந்த எஃகுத் தண்டை எடுக்கச் செய்வதும் இதுதான். துருப்பிடிக்காத எஃகுக்கு இது பலிக்காது. குரோம் உரிந்த இடம் சற்று மங்கலாம்.

மரையை 3 மி.மீ. மரை வெட்டும் டேப்பால் சரிசெய்யப் பார்க்காதீர்கள். பென் ரீலில் அமெரிக்க அங்குல மரை. நல்ல பென் திருகு ஒன்றையே எண்ணெய் விட்டு முன்னும் பின்னும் ஓட்டினால் போதும்.

உவர்நீர்:
டிராக் வாஷர்களை (ஸ்டார் அழுத்தும் உராய்வு வட்டுகள்) உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தக் காலத்து உராய்வு வாஷர்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்தவையும் உண்டு, பார்த்துச் சொல்ல முடியாது. நனைத்துப் பையில் கட்டி அப்புறப்படுத்திவிட்டு, பென் நிறுவனத்தின் எச்டி-100 கார்பன் வாஷர்களைப் போடுங்கள். உலோக வாஷர்களை எடுத்த வரிசையிலேயே கம்பியில் கோர்த்து வையுங்கள். பூட்டும்போது ஒவ்வொரு திருகின் மரையிலும் மெல்லிய பூச்சாக மரைன் கிரீஸ். வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவிலும் அதே. எதிரெதிர்த் திருகுகளாகப் பாதி இறுக்கி, இரண்டாம் சுற்றில் முழுதாக இறுக்குங்கள். ஒரே பக்கம் இறுக்கினால் திருகுத் துளையில் பேக்கலைட் விரிசல் விடும்.