மறு: நுழைவு வளைவு நிதி – அனுப்பும் முன் ஒரு விஷயம்

அனுப்புபவர்: பள்ளத்தோட்டம், மெல்போர்ன்

ஊர்ச் சங்கச் செயலாளர் மாமாவுக்கும் மடல் குழுவில் எல்லோருக்கும் வணக்கமுங்க.

ஊர் எல்லையில் வளைவு கட்ட ஒன்பது லட்சம் கேட்ட மடல் கிடைத்தது. வீட்டுக்கு இருபதாயிரம் என்பது இங்கே யாருக்கும் பாரமில்லை. ஆனால் ஊருக்குப் போயிருந்தபோது கண்ணால் பார்த்ததைச் சொல்லாமல் பணம் அனுப்ப மனசு வரவில்லை.

ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டம் தொடங்கும் முன்பே வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் கைநாட்டுமாகப் பக்கங்கள் நிரம்பிக் கிடந்தன. நம்மூர் அளவு ஊருக்கு நூறு பேர் இருந்தால்தான் சபை செல்லும். உட்கார்ந்திருந்தவர்கள் நாற்பது பேர்கூடத் தேற மாட்டார்கள். மிச்சத்தை முந்தின நாளே நூறு நாள் வேலை நடக்கிற இடத்தில் வாங்கிவிட்டார்களாம். அம்மா பேரும் அதில் இருந்தது. அம்மா நூறு நாள் வேலைக்குப் போனதே கிடையாது.

பின்னால் கல்லூரிப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். தறிவீட்டுப் பேத்தி, ஈரோட்டில் பி.காம். படிக்கிறவள், கையைத் தூக்கி, “படிவம் 30 எங்கே ஒட்டியிருக்கீங்க?” என்று கேட்டாள். ஊராட்சியின் வரவு செலவுச் சுருக்கம்தான் அது. ஒவ்வொரு கிராம சபையிலும் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டியது. ஊராட்சிச் செயலர் பையைத் துழாவினார். நம் சங்கத் துணைத்தலைவர் மாமா முன்வரிசையிலிருந்து திரும்பி, “பொட்டப்புள்ளைக்குக் கணக்கு எதுக்குக் கண்ணு, போய்ப் பரீட்சைக்குப் படி” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் அசரவில்லை. போனில் ஊராட்சிகளின் கணக்கைப் போடுகிற அரசின் ஈ-கிராம் சுவராஜ் தளத்தைத் திறந்து நம் ஊராட்சிப் பக்கத்தைக் காட்டினாள். மத்திய அரசின் 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவழித்திருக்க வேண்டும். அந்தக் கணக்கில் குழாய் போட்டதாகப் பணம் எடுத்திருக்கிறார்கள். “எங்க வீதியில் இல்லீங்க. எந்த வீதின்னு சொன்னீங்கன்னா இப்பவே போய்ப் பார்த்துட்டு வந்துடறோம்” என்றாள். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. தீர்மானப் புத்தகத்தில் தன் கேள்வியை எழுதும்வரை மேசை ஓரத்திலேயே நின்று, எழுதிய பக்கத்தைப் படம் பிடித்துக்கொண்டுதான் போனாள். அதோடு விடாமல் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் வில்லை ஒட்டி மனுவும் போட்டுவிட்டார்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். 2016 அக்டோபரிலிருந்து மூன்று வருடத்துக்கு மேல் தேர்தலே இல்லாமல் அரசு அதிகாரி நடத்துகிற தனி அலுவலர் ஆட்சி. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்து வந்தவர்களின் காலமும் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. மறுபடி தனி அலுவலர். அந்தப் பெண்ணுக்கு ஓட்டு வந்த பிறகு ஊராட்சித் தேர்தலே நடக்கவில்லை. 21 வயதானால் தலைவருக்கே நிற்கலாம் என்று சட்டம் சொல்கிறது. நம் சங்கக் கமிட்டியிலோ அறுபதுக்குக் கீழே ஓர் ஆள் இல்லை. நோம்பிக்குப் பந்தல் கட்டவும் பந்தி பரிமாறவும் மட்டும் பையன்கள் வேண்டும்.

நான் கேட்பது இதுதான். ஊரிலேயே குடியிருக்கிற, 25 வயதுக்குள்ளான மூன்று பேரைக் கமிட்டியில் ஓட்டுரிமையோடு சேர்க்க வேண்டும். காசோலையில் இரண்டு கையெழுத்தில் ஒன்று அவர்களில் ஒருவருடையதாக இருக்க வேண்டும். வளைவு அப்புறம் கட்டிக்கொள்ளலாம். பவானி ஆற்றின் உபரி நீரைக் குழாயில் கொண்டுவந்து குளங்களை நிரப்பும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தின் 1,045 குளம் குட்டைகளில் நம் பெரிய குட்டையும் ஒன்று. 2024 ஆகஸ்ட் 17-ல் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது, குழாயும் வந்துவிட்டது. குட்டைக்குள் சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு நிற்கிறது, கரை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. விட்ட தண்ணீர் வேலியோர இட்டேரிப் பாதையில் ஓடுகிறது. பையன்கள் டேப் பிடித்து அளந்து, உடைப்புக்கு எத்தனை லோடு மண் என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள். நமக்கு நாமே திட்டத்தில் ஊர் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். முதலில் அதற்கு மனுக் கொடுப்போம்.

அனுப்புபவர்: சாளைவீடு, சிங்கப்பூர்

தம்பி எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கணக்கு கேட்க ஒரு சின்னப் பெண் வர வேண்டியிருந்ததா? 2018 கும்பாபிஷேகத்தில் மிச்சமான தொகை எங்கே என்று நானும் இதே குழுவில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். “வங்கியில் பத்திரமாக இருக்கிறது” என்று பதில் வருகிறது. எந்த வங்கி, யார் பேரில் என்று வருவதில்லை. கலையரங்கத்துக்குத் தகரக் கூரை போட்ட ரசீது ஒன்றை அனுப்பினார்கள். அதில் தேதியும் இல்லை, கடை முத்திரையும் இல்லை.

இன்னொன்று, இதை யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை. நான் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கி வெகுகாலம் ஆகிறது. என் பணம் சட்டப்படி வெளிநாட்டுப் பங்களிப்பு. 2010 வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் சங்கம் அதை வாங்கவே கூடாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தங்கள் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் இந்த வில்லங்கம் இல்லை. வளைவு மடலில் கொடுத்திருக்கும் கணக்கு எண் யாருடையது, சங்கத்துடையதா, செயலாளருடைய சொந்தக் கணக்கா? தெரியும்வரை என்னிடமிருந்து ஒரு காசு வராது.

பிள்ளைகளைச் சேர்ப்பதென்றால் சேருங்கள். ஆனால் வயசு குறைவு என்பதாலேயே கணக்கு சுத்தமாகிவிடாது. அவர்களும் மாதாமாதம் எழுதி இங்கே போட வேண்டும். மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஓடந்துறை ஊராட்சி 2006-ல் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை வைத்து, மின்வாரியத்துக்கு மின்சாரம் விற்றது. ஊராட்சிக் கணக்கு ஒழுங்காக இல்லாமல் எந்த வங்கியும் அதற்குக் கடன் கொடுத்திருக்காது.

அனுப்புபவர்: மேட்டுத்தோட்டம், நியூஜெர்சி

மாப்பிள்ளை, அப்பா ஏதோ வாய் தவறிச் சொன்னதை இத்தனை பேர் படிக்கிற இடத்தில் எழுதியிருக்கிறாய். ஒரு போன் போட்டிருக்கலாம். அந்தப் பெண் பள்ளிக்கூடம் போன நிலம் யார் கொடுத்தது? எங்கள் அப்பாரு கொடுத்தது. அவிநாசியில் 2016-ல் அத்திக்கடவுக்காக உண்ணாவிரதம் இருந்தபோது ஊரிலிருந்து வேன் வைத்து ஆள் அனுப்பியது யார், பந்தலில் பாயோடு கிடந்தது யார்? அப்போது உங்கள் பள்ளத்தோட்டத்தில் ஒருத்தர்கூட வரவில்லை. கிணற்றுப் பங்கு வழக்கு நடந்துகொண்டிருந்தது, ஞாபகம் இருக்கும்.

சுற்றிலும் எல்லா ஊருக்கும் வளைவு இருக்கிறது. கல்யாணத்துக்கு வருகிறவர்கள் நம் ஊர் எங்கே என்று பேக்கரியில் நின்று கேட்கிறார்கள். பெரியவர்கள் ஒரு ஆசைக்குக் கேட்டதை வைத்து இத்தனை பேச்சா? இளைஞர்கள் வரட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. காசோலைக் கையெழுத்து என்பது அதிகம். நாளைக்கே அந்தப் பிள்ளை கல்யாணம் ஆகிப் போய்விட்டால்?

அனுப்புபவர்: கிணத்தடி வீட்டுச் சித்தி, மஸ்கட்

சண்டை போடாதீங்க சாமி. பெரிய குட்டை என்று படித்ததும் எனக்கு ஆடி மாசம்தான் ஞாபகம் வந்தது. ஊஞ்சலாடத் தூரிக்கயிறு கட்டின மரத்தை எப்போது வெட்டினார்கள்? யாரும் என்னிடம் சொல்லவில்லை.

தறிவீட்டு அமுச்சி எங்கள் கல்யாணத்துக்குச் சென்னிமலைப் போர்வை நெய்து கொடுத்தது. காசு வாங்கவில்லை. அதற்கு நாம் என்ன திருப்பிச் செய்தோம் என்று வெசனமாக இருக்கிறது. மேட்டுத்தோட்டத்துத் தம்பிக்கு ஒன்று: நம் வீட்டு ஆம்பளைகள் எல்லோரும் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனபோது “நாளைக்கே போய்விட்டால்” என்று யாராவது கமிட்டியிலிருந்து பேரை எடுத்தார்களா?

அனுப்புபவர்: பள்ளத்தோட்டம், மெல்போர்ன்

கிணற்று வழக்கைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை, மச்சான். அது தீர்ப்பாகிவிட்டது.

அந்தப் பெண்ணிடம் நேற்று பேசினேன். கமிட்டியில் சேரச் சம்மதமா என்றதற்கு, “எங்களை நியமிக்கச் சொல்லாதீங்க மாமா, 18 வயசானவங்க சந்தா கட்டி உறுப்பினராகலாமா இல்லையான்னு சங்க விதியைப் பார்த்துச் சொல்லுங்க. ஆகலாம்னா நாங்க முப்பது பேர் இருக்கோம், ஓட்டுப் போட்டே வந்துக்கறோம்” என்கிறாள். 1975 சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான சங்கம் என்று நம் ரசீதிலேயே அச்சடித்திருக்கிறோம். அப்படியென்றால் விதிப் புத்தகம் ஒன்று இருக்க வேண்டும். ஸ்கேன் யாரிடமாவது இருந்தால் போடவும்.

அனுப்புபவர்: சாளைவீடு, சிங்கப்பூர்

என்னிடம் இல்லை. கேட்டும் கொடுக்கவில்லை.

அனுப்புபவர்: மேட்டுத்தோட்டம், நியூஜெர்சி

அப்பா பீரோவில்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கேட்கிறேன். அந்தப் பெண்ணையே வீட்டுக்கு வரச் சொல்லு, பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் அந்தப் பரீட்சைப் பேச்சை அப்பாவிடம் கிளற வேண்டாம் என்று சொல்லிவிடு.