அடி வாங்கினதற்கும் ஸ்தோத்திரமா?

உப்பு:
குடித்துவிட்டு அடிக்கிற கணவனுக்காக ஒரு பெண் ஜெபக்குறிப்பு கொடுத்தால், பெரும்பாலும் மூன்று வசனங்களைக் கொடுத்து அனுப்புகிறார்கள்: 1 தெசலோனிக்கேயர் 5:18, மத்தேயு 5:39, 1 பேதுரு 3:1. ஸ்தோத்திரம் பண்ணு, மறு கன்னத்தைக் காட்டு, கீழ்ப்படி. கூடவே 21 நாள் உபவாசம், அதுவும் அவளுக்குத்தான். இந்தக் கோர்வை வேதத்தில் இல்லை, நாம் கோர்த்தது என்கிறேன். மறுப்பவர்கள் வசனத்தோடு வாருங்கள்.

நெல்லைச்சீமை:
வருகிறேன். எபேசியர் 5:20, "எப்பொழுதும் எல்லாவற்றிற்காகவும்" ஸ்தோத்திரி என்கிறது. அதில் விதிவிலக்கு எங்கே? "வையப்படும்போது பதில் வையாமலும்" என்று 1 பேதுரு 2:23 ஆண்டவரை மாதிரியாக வைக்கிறது. அதைத் தொடர்ந்துதான் 3:1 "அந்தப்படி" மனைவிகளிடம் வருகிறது. சகோதரன்மேல் வழக்குப் போடுவதைவிட "ஏன் அநியாயத்தைச் சகித்துக்கொள்ளுகிறதில்லை" என்று 1 கொரிந்தியர் 6:7 கேட்கிறது. வலிக்கிற இடத்தில் வசனத்தை வளைத்தால் மிஞ்சுவது சீஷத்துவம் இல்லை, சௌகரியம்.

பழையகிரேக்கம்:
தெசலோனிக்கேயரில் கிரேக்க மூலம் "என் பன்டி", அதாவது எல்லாச் சூழலிலும். எபேசியரில் "ஹூபெர் பன்டோன்", எல்லாவற்றுக்காகவும். நம் பழைய மொழிபெயர்ப்பு இந்த வேற்றுமையைத் தொலைக்கவில்லை: "எல்லாவற்றிலேயும்", "எல்லாவற்றிற்காகவும்". தொலைத்தது பிரசங்கம். முதல் வசனத்தில் நின்று அடிக்கு நன்றி சொல்லச் சொல்ல முடியாது.

இரண்டாவதற்கு: "பன்டோன்" இலக்கணப்படி "எல்லாருக்காகவும்" என்றும் வரலாம். ஆனால் அதை நான் பிடித்துத் தொங்கவில்லை. ஒன்பது வசனம் மேலே போங்கள். எபேசியர் 5:11, அந்தகாரக் கிரியைகளுக்கு உடன்படாமல் "அவைகளைக் கடிந்துகொள்ளுங்கள்" என்கிறது. கடிந்துகொள்ளச் சொன்னதையே நன்றிப் பட்டியலில் சேர்க்கச் சொல்வாரா பவுல்?

நெல்லைச்சீமை:
அது நியாயமான வாசிப்பு. கன்னம்?

பழையகிரேக்கம்:
மத்தேயு "வலது" கன்னம் என்கிறார். எதிரே நிற்கிற வலக்கைக்காரன் வலது கன்னத்தில் அறைய வேண்டுமானால் புறங்கையால்தான் முடியும். யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் (பாபா காமா 8:6) அறைக்கு 200 சூஸ் (வெள்ளிக்காசு), புறங்கை அறைக்கு 400 சூஸ் அபராதம். காயம் கூடுவதால் அல்ல, அவமானம் கூடுவதால் இரட்டிப்பு. ஆக அங்கே பேச்சு அவமானத்துக்குப் பழிவாங்காமல் இருப்பது பற்றி. உயிருக்கு ஆபத்தான அடியை வருஷக்கணக்கில் வாங்குவது பற்றி அல்ல.

நெல்லைச்சீமை:
லூக்கா 6:29-இல் "வலது" இல்லையே ஐயா. "ஒரு கன்னத்தில்" என்றுதான் இருக்கிறது. லூக்காவை மட்டும் கேட்ட சபைக்கு உங்கள் புறங்கை தெரியாது.

பழையகிரேக்கம்:
சரியான அடி. மத்தேயுவுக்கு மட்டும்தான் அந்த வாதம் நிற்கும். அப்படியானால் சொன்னவர் என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும். யோவான் 18:22-இல் சேவகன் அறைகிறான். அவர் திருப்பி அடிக்கவில்லை. மறு கன்னத்தையும் காட்டவில்லை. "நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார்.

உப்பு:
இதற்கு அப்போஸ்தலர் 16 ஒன்றே போதும். பவுலையும் சீலாவையும் பிலிப்பி பட்டணத்தில் தடியால் அடித்து, காலைத் தொழுமரத்தில் மாட்டுகிறார்கள். நடு ராத்திரியில் துதித்துப் பாடுகிறார்கள். அடிக்காகப் பாடியதாக ஒரு சொல்லும் இல்லை. சிறைக்காரன் தன்னைக் கொல்லப் போகிறான், பவுல் தடுக்கிறார். அகிம்சை அதுதான்: அடைத்து வைத்தவன் உயிரையும் காப்பது. விடிந்ததும் "போகலாம்" என்று ஆள் வருகிறது. பவுல் நகரவில்லை. விசாரணை இல்லாமல் ரோமரை வெளியரங்கமாய் அடித்தீர்களே, "அவர்களே வந்து" எங்களை வெளியே அழைத்துவிடட்டும் என்கிறார் (வசனம் 37). அதிகாரிகள் வந்து கெஞ்சுகிறார்கள். துதித்தவரே சட்டத்தையும் பிடித்தார். நாம் சாட்சி நேரத்தில் பாட்டு வருகிற 25-ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறோம்.

நெல்லைச்சீமை:
அங்கே எதிராளி அரசு. இங்கே கட்டினவன். போலீஸ் வாசலை மிதித்த பிறகு எந்தக் குடும்பம் ஒட்டியிருக்கிறது? கணவனை ஜெயிலுக்கு அனுப்புவதற்குப் பெயர் அகிம்சையா?

சட்டவாசல்:
இங்கேதான் குழப்பம். இரண்டு தனித்தனி வழிகள் இருக்கின்றன. பாரதிய நியாய சன்ஹிதா என்கிற புதிய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 85 (பழைய 498ஏ), மனைவியைக் கொடுமைப்படுத்துவதற்கான குற்ற வழக்கு, 3 ஆண்டு வரை சிறை. 2005-இன் குடும்ப வன்முறைச் சட்டம் அடிப்படையில் உரிமையியல் நிவாரணம். மாஜிஸ்திரேட் "அடிக்காதே, வீட்டைவிட்டுத் துரத்தாதே, செலவுக்குக் கொடு" என்று உத்தரவு போடுகிறார். அதை மீறினால்தான் பிரிவு 31-இன்படி ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீடு மாமியார் பெயரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீடானால் பிரிவு 17 தங்கும் உரிமை தருகிறது. திருமணத்தை முறிக்க வேண்டியதில்லை.

நடைமுறை: பெண்கள் உதவி எண் 181-க்கு அழைக்கலாம், அல்லது மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கலாம். அவர் படிவம் 1-இல் சம்பவ அறிக்கை எழுதுவார். பிரிவு 12-இல் மனு. முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. நடப்பில் மாதக்கணக்கில் இழுக்கும். ஆகவே பிரிவு 23-இன் இடைக்கால உத்தரவை முதல் நாளே கேட்க வேண்டும்.

கெட்டுப்போகிற இடங்கள்: அரசு மருத்துவமனையில் "படியில் விழுந்தேன்" என்று சொல்வது. விபத்துப் பதிவேட்டில் அந்த வரி ஏறிவிடும், பின்னால் அந்தப் பதிவேட்டின் நகல் (ஏ.ஆர். காப்பி) அவளுக்கே எதிராக நிற்கும். மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் "பேசி அனுப்புகிறோம்" என்பதை நம்பித் திரும்புவது. ஆதார், பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, சபைத் திருமணச் சான்று இவற்றின் நகலை வேறொரு வீட்டில் வைக்காதது.

நெல்லைச்சீமை:
தெரியாத விஷயம், நன்றி. ஆனாலும் மத்தேயு 18:15 முதலில் "நீயும் அவனும் தனித்திருக்கையில்" பேசச் சொல்கிறது. அதைத் தாண்டி நேரே அலுவலகமா?

உப்பு:
தனித்திருக்கையில்தானே அடி விழுகிறது?

நெல்லைச்சீமை:
அப்போது நீங்களும் பிடிக்காத வசனத்தைத் தாண்டுகிறீர்கள். என்னைச் சொன்னீர்களே.

ஜெபமாலை:
கத்தோலிக்கத் தரப்பிலிருந்து ஒன்று. விவாகரத்தை ஏற்காத எங்கள் திருச்சபைச் சட்டமே, எண் 1153-இல், துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலுக்கோ மனதுக்கோ பெரும் ஆபத்து விளைவித்தால் பிரிந்துபோக நியாயமான காரணம் உண்டு என்கிறது. ஆயரின் ஆணை வேண்டும். தாமதத்தில் ஆபத்து இருந்தால் தானாகவே போகலாம். திருமண பந்தம் அப்படியே இருக்கும், கூடி வாழ்வது மட்டும் நிற்கும்.

சட்டவாசல்:
சபை ஆலோசனைக்கு ஒரு குறிப்பு. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 2006-ஆம் ஆண்டு விதிகளில் விதி 14, நீதிமன்றம் அனுப்பும் ஆலோசனையில் "அவள் எதிர்த்துப் பேசினாள், அதனால் அடித்தேன்" என்ற நியாயப்படுத்தலுக்கு இடமே இல்லை என்கிறது. அதை அவனிடம் முன்கூட்டியே சொல்லியும் விட வேண்டும். நம் குருமனைகளில் (போதகர் வீடுகளில்) பேச்சு ஆரம்பிப்பதே "நீ என்னம்மா சொன்னே?" என்றுதான். இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துக் கேட்டால் அவள் வாய் திறக்கமாட்டாள். திறந்தால் வீட்டுக்குப் போனதும் அதற்கு வேறு விழும்.

நெல்லைச்சீமை:
தனித்தனியாகக் கேட்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். பாதுகாப்பு உத்தரவும் எனக்கு இடறல் இல்லை. பிரிவு 85-க்கு மட்டும் நான் ஆமென் சொல்லமாட்டேன். நன்றியை என்ன செய்யப் போகிறீர்கள்? குறை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் அந்த ஆத்துமா கசந்துபோகுமே.

பழையகிரேக்கம்:
சங்கீதம் 13-ஐ எடுங்கள், ஆறே வசனம். முதல் இரண்டில் நாலு தடவை "எதுவரைக்கும்". பிறகு விண்ணப்பம். ஐந்தாவதில்தான் நம்பிக்கை, ஆறாவதில் பாட்டு. வரிசை முக்கியம். நாலு "எதுவரைக்கும்" சொல்ல விடாமல் ஆறாம் வசனத்தை வாயில் திணித்தால் அது ஸ்தோத்திரம் ஆகாது, மிரட்டல். லேவியராகமம் 7:15-இல் ஸ்தோத்திர பலியின் மாம்சத்தை அன்றைக்கே சாப்பிட்டுத் தீர்க்க வேண்டும், விடியும்வரை மிச்சம் கூடாது. ஒரு வீட்டால் தனியாகத் தீர்க்க முடியுமா? நாலு பேரைக் கூப்பிட்டாக வேண்டும். நன்றி சொல்லச் சொல்கிறவர்கள் அந்த வீட்டுக்கு முதலில் சாப்பாட்டோடு போகட்டும்.

உப்பு:
1 பேதுரு 3:7-ஐயும் பாருங்கள் நெல்லைச்சீமை. மனைவிக்குக் கனம் கொடுக்காவிட்டால் ஜெபம் தடைபடும் என்று எச்சரிப்பு கணவனுக்கு. 21 நாள் உபவாசம் அவனுக்குச் சொல்ல வேண்டியது. 1 தீமோத்தேயு 3:3-இல் தகுதிப் பட்டியலில் அடிக்கிறவனாய் இருக்கக்கூடாது என்றே இருக்கிறது. சேகரக் கமிட்டி (சபை நிர்வாகக் குழு) தேர்தலில் இதை யாராவது கேட்டிருக்கிறார்களா?

நெல்லைச்சீமை:
அது கண்காணிக்கு, அதாவது சபைத் தலைவனுக்குச் சொன்னது, கமிட்டி மெம்பருக்கு அல்ல.

உப்பு:
சபை ஊழியத்தில் உதவிக்காரனுக்கு அதே அதிகாரத்தில் 12-ஆம் வசனம் இருக்கிறது. "சொந்தக் குடும்பங்களையும் நன்றாய்" நடத்த வேண்டும்.

நெல்லைச்சீமை:
அதில் அடிக்கிறதைப் பற்றி இல்லை. ஆனால் சரி, கேட்கலாம்.