லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்தால் நூலகத் தளம் வருகிறது

கேள்வி:
விண்டோஸில் ஸாம்ப் (சொந்தக் கணினியிலேயே தளங்களை ஓட்டிப் பார்க்கும் மென்பொருள் தொகுப்பு) போட்டு, எங்கள் ஊர் நூலகத்துக்கும் தம்பி கடைக்கும் தளம் செய்துகொண்டிருக்கிறேன். நூலகம் டாட் டெஸ்ட்டுக்கு மட்டும் விர்ச்சுவல் ஹோஸ்ட் (ஒரே சர்வரில் ஒரு தளத்துக்கென எழுதும் தனி அமைப்பு) எழுதினேன், திறக்கிறது. ஆனால் இப்போது லோக்கல்ஹோஸ்ட் (என் கணினியையே குறிக்கும் பெயர்) என்று அடித்தாலும் நூலகம்தான் வருகிறது. பழைய ஃபோல்டர்கள் எதுவும் திறக்கவில்லை. கடையை எப்படிச் சேர்ப்பது?

பதில் 1:
நண்பரே, ஸாம்ப்பில் உள்ள வெப் சர்வரான அப்பாச்சி அப்படித்தான் வேலை செய்யும். கேட்ட பெயர் எந்தச் சர்வர்நேமோடும் (பிளாக்கில் எழுதிய தளப் பெயர்) பொருந்தாவிட்டால், முதலில் எழுதியிருக்கும் விர்ச்சுவல் ஹோஸ்ட்டைக் கொடுத்துவிடும். உங்களிடம் இருப்பதே ஒன்றுதான். லோக்கல்ஹோஸ்ட்டுக்கும் ஒரு பிளாக் எழுதி எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். அதன் டாக்குமென்ட்ரூட், அதாவது தளத்தின் கோப்புகள் இருக்கும் இடம், பழைய எச்டிடாக்ஸ் ஃபோல்டர். கடைக்குத் தனி பிளாக். அப்புறம் அப்பாச்சியை நிறுத்தித் தொடங்குங்கள்.

பதில் 2:
கடையின் பெயரை ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் (எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று விண்டோஸ் பார்க்கும் கோப்பு) 127.0.0.1 என்று தொடங்கும் வரியில் சேருங்கள். நோட்பேடை அட்மினாகத் திறந்தால்தான் சேமிக்க முடியும். டாட் டெஸ்ட் வைத்தது மிக நல்லது, அதை மாற்றாதீர்கள். 1999-லேயே சோதனைக்கென ஒதுக்கிய பெயர் அது. டாட் டெவ் என்றால் குரோம் எச்டிடிபிஎஸ் கேட்டு அடம்பிடிக்கும்.

கேள்வி கேட்டவர்:
லோக்கல்ஹோஸ்ட் சரியாகிவிட்டது, மிக்க நன்றி. கடை மட்டும் 403 (அனுமதி இல்லை என்ற பிழை) காட்டுகிறது. அதன் ஃபோல்டர் டி டிரைவில் இருக்கிறது.

பதில் 1:
அப்படியானால் அந்த ஃபோல்டருக்கு டைரக்டரி பிளாக் எழுதி, உள்ளே ‘ரிக்கொயர் ஆல் கிராண்டட்’ சேருங்கள்.